கிருஷிகா இல்லையென்று சொல்லப் பழகிய கதை

எங்கள் கந்தோரில் கிருஷிகாவைப் போல மாய்ந்து மாய்ந்து வேலை செய்கிறவர் வேறு யாரும் இல்லை என்பது எல்லோருடைய முடிவு. காலையில் வந்து லப்டொப்பைத் திறந்தால் தேநீர் வரும்போதுதான் தலையை நிமிர்த்துவாள். திரை முழுக்கக் கட்டங்கள், இலக்கங்கள், அம்புக்குறிகள். கணக்குப் பகுதி இந்திராதேவி அக்கா ஒருநாள் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பாவம் பிள்ளை, முழுப் பிரிவின்ர வேலையையும் ஒராளின்ர தலையில கட்டிப்போட்டாங்கள்" என்று என்னிடம் வந்து கவலைப்பட்டார். நானும் சேர்ந்து கவலைப்பட்டேன். கிருஷிகா அந்த நேரம் தீவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

உண்மையான தீவுகளை என்று நினைக்கவேண்டாம். கொழும்பில் மென்பொருள் கொம்பனிகளுக்கு வேலைக்குப் போவதென்றால் நேர்முகத்தில் இப்படியான புதிர்களுக்கு நிரல் எழுதிக் காட்டவேண்டும். ஒரு கட்டத்தாள். சில கட்டங்கள் நிலம், மற்றவை கடல். ஒட்டிக்கொண்டிருக்கும் நிலமெல்லாம் சேர்ந்து ஒரு தீவு. மொத்தம் எத்தனை தீவு? மன்னார்த் தீவில், பேசாலையில் பிறந்து, பேசாலையிலேயே கலியாணம் கட்டி, ஒவ்வொரு நாளும் பாலம் தாண்டி பஸ்ஸில் வேலைக்கு வருகிறவளிடம் தீவு என்றால் என்னவென்று கேட்கிறார்கள். எண்ணி முடித்தபிறகு அந்தத் தீவுகளை என்ன செய்வார்கள் என்று அவளிடம் கேட்டேன். ஒன்றும் செய்யமாட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டால் அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒரு தீவையும் எண்ணத் தேவையில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் கொம்பனிகள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அரசாங்கப் பரீட்சையைப் போலவே நடத்துகிறார்களே!

நான் ஜெஸ்லியா, சிலாவத்துறை. அவளுக்குப் பக்கத்து மேசை. நானாட்டான் பக்கம் ஒரு கந்தோரில் நாங்கள் இருவரும் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள். வேலையில்லாப் பட்டதாரிகள் வேலை கேட்டு வீதியில் குந்தியிருந்தபோது அரசாங்கம் மனமிரங்கி நியமனம் தந்தது. எதை அபிவிருத்தி செய்வது என்று சொல்ல மட்டும் மறந்துபோனது. வந்த புதிதில் எங்கள் இருவருக்கும் ஒரே கதிரை. ஒருவர் களவேலைக்குப் போனால் மற்றவர் இருக்கலாம். அந்தக் காலத்தில் இந்தப் பிரிவில் களவேலை மிகச் சிறப்பாக நடந்தது. பிறகு இரண்டாவது கதிரையும் வந்துசேர்ந்தது. வேலைதான் இன்னும் வந்துசேரவில்லை.

நான் படித்தது புவியியல். எனக்கு இந்தக் கதிரையே அதிகம். கிருஷிகா படித்தது கணினி. பட்டம் முடித்த கையோடு கொழும்புக்குப் போயிருக்கலாம். ஆனால் பென்சன் உள்ள வேலையை விட்டுவிட்டுப் பென்சன் இல்லாத வேலைக்குப் போகிற பெண்ணை எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? நியமனம் கிடைத்த கிழமை கோயிலில் நன்றிப் பூசை கொடுத்தார்கள். அடுத்த வருடம் எமிலைக் கட்டிவைத்தார்கள்.

எமில் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு சொல்லுகிற மனநிலையில் இருப்பேனோ தெரியாது. கட்டார் நாட்டில் ஏ.சி. திருத்துகிற வேலை. மகள் தவழத் தொடங்கமுதல் போனவர். ஒவ்வொரு பின்னேரமும் வட்ஸ்அப்பில் வந்து பிள்ளைக்குக் கதை சொல்லுவார், பாட்டுப் பாடுவார், தாய் சோறு தீத்தி முடிக்கும்வரை போனுக்குள் இருந்து ஆட்டம் காட்டுவார். பிள்ளைக்கு அவர்மேல் உயிர். போனமுறை லீவில் வந்து பெட்டியோடு வாசலில் நின்றபோது அதே பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டது. தூக்கப் போனால் வீரிட்டுக் கத்தியது. கடைசியில் தாயின் போனை எடுத்துக்கொண்டுவந்து அவரிடம் நீட்டி, "டடா இதுக்குள்ள போங்கோ" என்றதாம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். எமிலும் சிரித்தாராம். என்னிடம் இதைச் சொல்லும்போது கிருஷிகா சிரிக்கவில்லை.

அந்த லீவிலேயே அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். சில கொழும்புக் கொம்பனிகள் வீட்டிலிருந்தே வேலை செய்ய விடுகின்றன. அப்படி ஒன்று அவளுக்குக் கிடைத்தால், ஆவணியில் எமிலின் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் திரும்பி வந்துவிடுவது. மன்னார் டவுனில் ஏ.சி. திருத்துகிற கடை ஒன்று போடலாம். கிடைக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் அவர் அங்கேதான். "வந்திடுவீங்கள்தானே?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "ஓம்" என்றிருக்கிறார் எமில்.

அன்றிலிருந்து எங்கள் கந்தோரில் தீவுகள் எண்ணப்பட்டன. மரங்கள் தலைகீழாக நின்றன. கணினிக்காரர்களின் மரத்துக்கு வேர் மேலேயாம். தெரியாத ஊருக்குக் குறுக்குவழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. நாங்கள் படித்தது பழைய வினாத்தாளைப் பாடமாக்குகிற பாஸ்பேப்பர் நாட்டில் அல்லவா? அவளும் உயர்தரத்துக்குப் படித்த அதே முறையில்தான் படித்தாள். கேள்வியின் முதல் வரியை நான் வாசித்தால் விடையைக் கடைசி வரிவரை ஒப்புவிப்பாள். முதல் நேர்முகத்துக்கு அவள் தயாரான அளவுக்கு அந்தக் கொம்பனி தயாராக இருந்திருக்காது.

பங்குனியில் அது நடந்தது. கணினியில்தான், முகம் பார்த்து. கேட்டது அவளுக்குத் தண்ணிபட்ட பாடமான கேள்வி. ஒரு மண்டபம் இருக்கிறது. ஒரே நாளில் பல பேர் அதில் கூட்டம் வைக்கக் கேட்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தெரியும். ஒன்றோடொன்று முட்டாமல் ஆகக்கூடிய கூட்டங்களை எப்படி நடத்துவது? எது முதலில் முடிகிறதோ அதை எடுக்கவேண்டும். பிறகு மிச்சத்தில் முதலில் முடிவதை. அவ்வளவுதான் விஷயம். கிருஷிகா அதைப் பாதி எழுதிவிட்டாள். அப்போது நேர்முகம் செய்தவர், "ஏன், எது முதலில் தொடங்குகிறதோ அதை எடுத்தால் நல்லதல்லவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அது பிழை என்று அரசாங்கக் கந்தோரில் ஒரு கிழமை வேலை செய்த யாருக்கும் தெரியும். விடியவே தொடங்குகிற கூட்டம்தான் பொழுதுபட்டாலும் முடியாது. அதற்கு மண்டபத்தைக் கொடுத்தால் மற்றவர்கள் எல்லோரும் வெளியே நிற்கவேண்டியதுதான். கிருஷிகாவுக்கும் தெரிந்தது. தெரிந்துகொண்டே, "யெஸ் சேர்" என்றாள். எழுதியிருந்த சரியான விடையை அழித்தாள். அவர் சொன்ன பிழையான விடையை ஒரு எழுத்தும் பிசகாமல், அழகாக, இடைவெளி எல்லாம் விட்டு எழுதிக் கொடுத்தாள்.

வேலை கிடைக்கவில்லை. அவளோடு கம்பஸில் படித்த ஒருவர் அந்தக் கொம்பனியில் இருந்தார். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். பிழையான யோசனையை வேண்டுமென்றே சொல்லுவார்களாம். ஆள் தன் விடையில் நின்று வாதாடுகிறாரா, இல்லையா என்று பார்ப்பார்களாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"உனக்கு அது பிழையெண்டு தெரியாதோ?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"பிறகு ஏன் ஓமெண்டனி?"

"சேர் சொல்லேக்க எப்பிடி ஜெஸ்லியா இல்லையெண்டு சொல்லுறது?"

"அந்தாள் உன்னைவிட வயசு குறைஞ்சவர் எண்டு நீதானே சொன்னனி!"

"எண்டாலும் சேர்தானே."

இதற்கு அவளை மட்டும் பிடித்துத் திட்டி என்ன பயன்? பாலர் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நிற்கப் பழக்குகிறார்கள். விளங்கவில்லை என்று சொன்னால், "உமக்கு மட்டும்தானோ விளங்கேல்ல?" என்பார்கள். விளங்கியது, ஆனால் நீங்கள் சொன்னது பிழை என்று சொன்னால் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இப்படி வளர்த்து, பிறகு பல்கலைக்கழகத்தில் சேர்மாரின் எண்ணிக்கையைக் கூட்டி, அதற்குப் பிறகு அரசாங்கத்தில் வேலையும் கொடுத்தால் அந்தப் பிள்ளையின் வாயில் இல்லை என்ற சொல் எங்கேயிருந்து வரும்? எங்கள் வாப்பா தாலாட்டாத குறையாக எனக்குச் சொல்லித் தந்ததும் இதைத்தான். எனக்கு ஏறவில்லை. அதனால்தான் வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

ஆகவே தீவுகளையும் மரங்களையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, இல்லையென்று சொல்லப் பழகுவது என்று தீர்மானித்தோம். ஆவணிக்குள் இன்னொரு நேர்முகம் கிடைக்கும். அதற்குள் அவளுக்கு வாய் வரவேண்டும்.

முதலில் எமிலை நேர்முகம் செய்ய வைத்தாள். அவர் பின்னேரத்தில் போனில் வந்து, அவள் அனுப்பிய கேள்வியை எழுத்துக்கூட்டி வாசிப்பார். நடுவில் பிழையான யோசனை ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லுவார். "இல்லை, அது பிழை" என்பாள் கிருஷிகா. உடனே எமில், "ஐயோ, மன்னிச்சுக்கொள்ளும், எனக்கு இதைப் பற்றித் தெரியாதெல்லே" என்று கேள்வியையே கைவிட்டுவிடுவார். இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. புருஷனிடம் பிழை என்று சொல்லுவதற்கு உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் பயிற்சி தேவைப்பட்டதில்லை.

பிறகு நான் நேர்முகம் செய்தேன். மூக்குக்கண்ணாடி போட்டு, குரலைத் தடிப்பாக்கிக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்தினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் மரியாதை என்ற ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

"உனக்கு உண்மையான சேர் ஒராள் வேணும்" என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் பெரிய அறையின் கதவைப் பார்த்தோம்.

கொன்ஸ்ரன்ரைன் சேர் எங்கள் கந்தோருக்குத் தலைவர். சாந்தமானவர், யாரையும் ஏசமாட்டார். ஏசவேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை. அவர் கூட்டத்தில் ஒன்றைச் சொன்னால் மேசையைச் சுற்றி "ஓம் சேர்" ஓடி ஒரு சுற்றுச் சுற்றி அவரிடமே திரும்பிவரும். ஒருமுறை அவர் வாய்தவறி வியாழக்கிழமையைச் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டார். கந்தோர் முழுக்க இரண்டு நாள் முந்திக் களப்பயணம் போய்விட்டு வந்தது.

அவருக்கு முன்னால் போகமுதல் சின்னச் சின்ன ஆட்களிடம் பழகினாள். பஸ்ஸில் கொண்டக்டர் "பின்னுக்குப் போங்கோ" என்றபோது "இல்லை, பின்னுக்கு இடமில்லை" என்றாள். சொல்லிவிட்டுப் பின்னுக்குப் போனாள். கன்டீனில் சீனி இன்னும் போடவா என்று கேட்டபோது வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டு, "குறை நினைக்காதேங்கோ" என்றாள். முன்னேற்றம் மெதுவாக இருந்தது.

சித்திரை முடிவில் கூட்டம் வந்தது. அதிலே எங்கள் கந்தோர் மண்டபத்தின் கதை வந்தது. அடுத்த புதன்கிழமை எல்லோருக்கும் அதே மண்டபம் வேண்டும். முன்பள்ளி ஆசிரியர்கள் காலையில் ஒரு மணித்தியாலம் கேட்டிருந்தார்கள். வயல் செய்கிற கமக்காரரின் அமைப்பு பத்து மணிக்குக் கேட்டிருந்தது. தையல் பழகிய பெண்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது மத்தியானத்தில். இவை எல்லாவற்றுக்கும் முந்தித் தொடங்குவது எங்களுடைய உற்பத்தித்திறன் செயலமர்வு. நேரத்தை வீணாக்காமல் வேலை செய்வது எப்படி என்று காலையிலிருந்து பின்னேரம்வரை சொல்லித் தருவார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் சேர் சொன்னார்: "எது முதல் தொடங்குதோ அதுக்கு மண்டபத்தைக் குடுப்பம். மற்றவை வேற நாள் பாக்கட்டும். சரிதானே?"

"ஓம் சேர்" புறப்பட்டது. நான் மேசைக்குக் கீழே கிருஷிகாவின் காலை மிதித்தேன். படைத்தவன் இப்படி ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கொண்டுவந்து தருவது எல்லோருக்கும் கிடைக்கிற பாக்கியமா? அவள் அசையவில்லை. இன்னும் பலமாக மிதித்தேன்.

"இல்லை சேர்" என்றாள் கிருஷிகா. "அது பிழை."

இந்திராதேவி அக்கா தன் கையிலிருந்த பேனையை மூடினார். கிருஷிகாவின் முகத்தில் இரத்தமே இல்லை. ஆனாலும் விட்டுவிடவில்லை. முதலில் முடிகிற கூட்டத்தை எடுத்தால் அன்று மூன்று கூட்டமும் நடத்தலாம், செயலமர்வை எடுத்தால் ஒன்றுதான் என்று முழுவதையும் சொல்லிமுடித்தாள்.

சேர் கூட்டக் குறிப்பில் ஏதோ எழுதினார். பிறகு, "நல்ல கருத்து, யோசிப்பம்" என்றார். கூட்டம் முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஜெஸ்லியா, அந்தப் பிள்ளைக்கு வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். "புருஷனும் வெளிநாட்டில. ரெண்டு நாள் லீவு எடுக்கச் சொல்லுங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்."

உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அவருடைய இத்தனை வருட உத்தியோகத்தில் ஒருவர் இல்லையென்று சொன்னால் அதற்கு நோய் வருத்தத்தைத் தவிர வேறு காரணம் இருக்கமுடியாது. புதன்கிழமை செயலமர்வுதான் நடந்தது. கமக்காரர்கள் வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே கூட்டம் வைத்து, நேரத்துக்கு முடித்துக்கொண்டு போனார்கள். கிருஷிகா இரண்டு நாள் லீவையும் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்து தீவு எண்ணினாள்.

இரண்டாவது நேர்முகம் ஆனியில், வேறொரு கொம்பனி. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பேசாலைக்குப் போனேன். சோளகக் காற்று அடித்து வீட்டு யன்னலெல்லாம் படபடத்தது. எமிலின் தாய் மதலேனா மாமி குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னோம். மாதாவுக்குக் கேட்கவேண்டுமே என்றார். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் அறைக்கு வெளியே கதிரை போட்டு இருந்தேன்.

அவளுக்குத் தீவுகளே வந்தன. என்னாலும் இருந்த இடத்திலிருந்து எண்ணிவிடமுடியும், அவ்வளவு நாள் கேட்டிருந்தேன். ஒரு நிலக் கட்டத்தைக் கண்டால் அதன் நான்கு பக்கமும் போய்ப் பார்க்கவேண்டும். நிலம் தொடர்ந்தால் தொடரவேண்டும். அவள் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் சொன்னார்: "நாங்கள் மேலிருந்து கீழே, இடமிருந்து வலமாகத்தானே வாசித்து வருகிறோம். அப்படியென்றால் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் பார்த்தால் போதும்தானே?"

யன்னல் அடித்தது. மாமியின் செபம் அருள்நிறை மரியேயில் போய்க்கொண்டிருந்தது. கிருஷிகாவின் சத்தத்தைக் காணவில்லை. என் கால் இங்கே, அவள் கால் அங்கே. யா அல்லாஹ், இந்தப் பெட்டைக்கு வாயைக் கொடு என்று நான் மன்றாடினேன். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் விண்ணப்பம் போயிருக்கிறது.

"நோ சேர்" என்று கேட்டது. பிறகு அவள் படம் கீறிக் காட்டினாள். மேலே இரண்டு முனை நீட்டிக்கொண்டிருக்கிற நிலம் ஒன்று, நடுவில் கடல் உள்ளே வந்திருக்கிறது, கீழே நிலம் வளைந்து ஒன்றுசேருகிறது. இடது முனையிலிருந்து கீழே போய், வலப்பக்கம் போகலாம். ஆனால் மேலே ஏறாவிட்டால் மற்ற முனைக்குப் போகமுடியாது. அதை வேறு தீவு என்று எண்ணிவிடுவோம். "நீங்கள் சொல்லுகிறபடி எண்ணினால் ஒரே தீவு இரண்டாகிவிடும், சேர்" என்றாள். அதற்குப் பிறகு அந்த மனிதர் நிறையச் சிரித்துக் கதைத்தார்.

வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். கந்தோரில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. நான் போட்ட சத்தத்தில் இந்திராதேவி அக்கா ஓடிவந்து, எங்களுக்குச் சம்பளம் கூட்டிவிட்டார்களா என்று கேட்டார். கிருஷிகாவைக் கட்டிப்பிடித்தேன். அவ்வளவு சந்தோசமாக நான் அந்தக் கந்தோரில் ஒருநாளும் இருந்ததில்லை. இருவரும் வாகனம் விடுகிற கொட்டகைக்குப் போனோம். எமிலுக்கு எடுத்தாள். நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"கிடைச்சிட்டுது! ஆவணியில நீங்கள் வரலாம்!"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் வந்தது.

"என்னப்பா, சந்தோசமில்லையோ?"

"சந்தோசம்தான்..." என்றார் எமில். "நீர் படிச்சுக்கொண்டிருந்தனீர், குழப்பக்கூடாதெண்டு சொல்லேல்ல. போனகிழமை மனேஜர் கூப்பிட்டவர். எமில், இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறீர்தானே எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"கிருஷி, அவர் பெரிய மனேஜர். எல்லாருக்கும் முன்னால, தோளில கையை வைச்சுக் கேக்கேக்க..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பிழையான யோசனை சொல்லு என்று பின்னேரம் பின்னேரமாக அந்த மனிதரிடம் கேள்வியைக் கொடுத்து வாசிக்க வைத்தோமே, ஒருநாளாவது அவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டோமா? எனக்குப் போனுக்குள் கையை விட்டு ஆளைப் பிடித்து உலுப்பவேண்டும் போலிருந்தது. கிருஷிகா நின்ற இடத்திலேயே மோட்டார் சைக்கிள் ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"சைன் வைச்சிட்டீங்களோ?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லை. ஞாயிற்றுக்கிழமை கந்தோருக்கு வரச் சொன்னவர்."

"இப்ப தனியத்தான் நிக்கிறீங்களோ?"

"ஓம்."

"அப்ப கேளுங்கோ. இப்ப நான்தான் உங்கட மனேஜர்." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எமில், இன்னும் ரெண்டு வருசம் நிக்கிறீர்தானே?"

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

"யெஸ் சேர்" என்றார் எமில்.

கிருஷிகா போனை மற்றக் கைக்கு மாற்றினாள். "பிழை" என்றாள். "இன்னொருக்காக் கேக்கிறன்."